முதலில் நிறுத்தும் வழி

எங்கள் வீட்டு வாசலில் பெரிய கோலமாகப் போட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள், சகோதரிகளே! வாசற்படியை ஒட்டின சிமென்ட் தரை முழுவதையும் என் பெரிய பிள்ளை எடுத்துக்கொண்டுவிட்டான். இரும்புக் குழாயில் ஒரு சட்டம், நாலு குட்டிச் சக்கரம், ஒரு ஸ்டியரிங். தரையோடு தரையாக ஒரு வண்டி அங்கே குந்திக்கொண்டிருந்தது. பால்காரர் அதைத் தாண்டித்தான் பால் ஊற்றுவார்.

நாங்கள் இருப்பது சுங்குவார்சத்திரம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் வழி. 2001-ல் நான் கல்யாணமாகி வந்தபோது, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தொழிற்சாலை ஆரம்பித்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. ஒரகடம் பக்கம் போனால் ஏரியும் வயலும் வேலிகாத்தான் முள்ளும்தான். அப்புறம் 2010-ல் ரெனோ-நிசான், 2012-ல் டைம்லர் லாரி, 2013-ல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் என்று வரிசையாக வந்துவிட்டன. இப்போது எங்கள் ஊரில் பொழுது விடிவது சேவல் கூவி அல்ல, கம்பெனி பஸ் ஹாரனில்தான். என் வீட்டுக்காரரும் ஒரகடத்தில் ஒரு பாகங்கள் செய்யும் கம்பெனியில்தான் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார்.

இப்படிப்பட்ட ஊரில் பிறந்த பிள்ளை பொம்மைக்குப் பதில் பேரிங்கை உருட்டி விளையாடியதில் ஆச்சர்யம் என்ன? இன்ஜினீயரிங் கடைசி வருஷத்தில் ப்ராஜெக்ட் செய்ய வேண்டும் என்றதும், நாலு பையன்களும் ஒரு பெண்ணும் சேர்ந்து இந்த வண்டியை எடுத்துக்கொண்டார்கள்.

"இது என்னடா, கை வண்டியா?" என்று கேட்டேன்.

"கோ-கார்ட்ம்மா. 1956-லே அமெரிக்காவிலே ஆர்ட் இங்கெல்ஸ்னு ஒருத்தர், புல் வெட்டற மெஷினோட இன்ஜினை வெச்சு முதல்லே செஞ்சார்."

கார்ப் பந்தயம் எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. முன்பெல்லாம் சோழவரத்தில் பழைய விமானத் தளத்தில் நடக்குமாம். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே தனிப் பாதை போட்டார்கள். பந்தய நாளில் காற்று இந்தப் பக்கம் அடித்தால் அந்த 'உய்ங்' சத்தம் தெரு முனை வரை கேட்கும் என்பார் என் மாமியார்.

ஆனால் எங்கள் பிள்ளைகள் செய்தது பந்தய வண்டி இல்லை. பாட்டரியில் ஓடும் வண்டி. அதிலும், ஓட்டுகிற ஆள் இல்லாமல் தானே வழி பார்த்துப் போகிற வண்டி! கேமராதான் அதற்குக் கண். சின்னக் கம்ப்யூட்டர்தான் மூளை. கண்ணும் மூளையும் மற்றவர்கள் பங்குக்குப் போக, என் பிள்ளைக்குக் கிடைத்தது கை. அதாவது, ஸ்டியரிங்கை மனுஷக் கைக்குப் பதிலாக மோட்டாரால் திருப்புகிற வேலை.

"இவ்வளவுதானா? மோட்டாரை மாட்டினா திரும்பிட்டுப் போகுது" என்றேன். நான் பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தினவள். தையல் மெஷினுக்கு மோட்டார் மாட்டிப் பத்து வருஷமாக ரவிக்கை தைக்கிறேன். அந்தத் தைரியம்!

"அவ்வளவு சுலபமில்லேம்மா" என்று சிரித்தான்.

காரில் ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே பல் சக்கர அமைப்பு ஒன்று இருக்கிறது. நாம் நிறையச் சுற்றினால் சக்கரம் கொஞ்சம் திரும்பும். அதனால் கைக்கு லேசாக இருக்கும். கார்ட்டில் அது கிடையாது. ஸ்டியரிங் தண்டின் அடியில் ஒரு சின்னத் தகடு. அதிலிருந்து இரண்டு பக்கமும் 'டை ராடு' என்கிற கம்பிகள் போய் முன்சக்கரங்களை நேராகத் தள்ளுகின்றன. போதாததற்கு, பின்சக்கரம் இரண்டும் ஒரே தண்டில் இறுக்கியவை. வளைவில் ஒரு சக்கரம் அதிக தூரமும் மற்றது குறைந்த தூரமும் போக வேண்டுமே, அதற்காக உள்பக்கப் பின்சக்கரம் கொஞ்சம் தூக்கிக்கொள்ளும்படி முன்சக்கரங்களைச் சாய்வாக வைத்திருப்பார்கள். ஆகவே ஸ்டியரிங்கைத் திருப்புவது என்றால் வண்டியையே லேசாகத் தூக்குவது மாதிரி. அதுவும் வண்டி நிற்கும்போது திருப்பினால்தான் ரொம்பக் கனம்.

எவ்வளவு கனம்? அதைக் கண்டுபிடிக்க அவன் கேட்டது என்ன தெரியுமா? பழைய பேப்பர்காரரின் ஸ்பிரிங் தராசு! "அண்ணே, அஞ்சு நிமிஷம் குடுங்க" என்று வாங்கி, சினேகிதனை வண்டியில் உட்கார வைத்து, தராசின் கொக்கியை ஸ்டியரிங் விளிம்பில் மாட்டி இழுத்தான். ஏழு கிலோவில் முள் நின்றபோது சக்கரம் அசைந்தது. நடுத் தண்டிலிருந்து விளிம்பு 15 சென்டிமீட்டர். "ஏழும் பதினஞ்சும் பெருக்கு... நூத்தஞ்சு. அதுக்கு இரண்டு மடங்கு வலுவுள்ள மோட்டார் வேணும்" என்று நோட்டில் எழுதிக்கொண்டான். பேப்பர்காரர் எட்டிப் பார்த்து, "என் தராசு இன்ஜினீயரிங் படிச்சிடுச்சு" என்றார்.

மோட்டாருக்குப் புதுப்பேட்டை போனான். சென்னையில் பழைய கார்ச் சாமான் கிடைக்காத எதுவும் அங்கே கிடைக்குமே! ஒரு காரின் வைப்பர் மோட்டார், 600 ரூபாய். மழையில் கண்ணாடி துடைக்கிறதே, அது. வலு போதுமானதாக இருந்தது. செயின் போட்டு ஸ்டியரிங் தண்டோடு இணைத்தான். திரும்பின கோணத்தைச் சொல்ல, பழைய ரேடியோவில் சத்தம் கூட்டக் குறைக்க இருக்கும் குமிழ் மாதிரி ஒன்றைத் தண்டில் வைத்தான். 'இவ்வளவு திரும்பு' என்று கம்ப்யூட்டர் சொல்லும். 'இவ்வளவு திரும்பியிருக்கிறேன்' என்று குமிழ் பதில் சொல்லும். இரண்டும் சமமாகும்வரை மோட்டார் சுற்றும்.

முதல் நாள் சுவிட்சைப் போட்டதும் ஸ்டியரிங் மலேரியாக் காய்ச்சல் வந்தவன் மாதிரி நடுங்கியது பாருங்கள்! இடது, வலது, இடது, வலது... எனக்குச் சிரிப்பு. அவனுக்குக் கோபம்.

"ஏண்டா, குழந்தைக்கு வெந்நீர் விளாவற புதுப் பொண்ணு மாதிரி அவசரப்படுதே உன் மோட்டார்!" என்றேன். சூடு என்று பச்சைத் தண்ணீரை நிறைய ஊற்றுவோம்; ஆறிவிடும். உடனே வெந்நீரை நிறைய ஊற்றுவோம்; சுடும். முழங்கையை வைத்துப் பார்த்துப் பார்த்துக் கொஞ்சமாக ஊற்றத் தெரிவதற்குள் குழந்தைக்கு ஆறு மாசம் ஆகிவிடும்.

"அதேதாம்மா!" என்று குதித்தான். தப்பு எவ்வளவோ அதற்கேற்பத் தள்ளு. கிட்டே வரவர வேகத்தைக் குறை. இதைத்தான் அவர்கள் கணக்காகப் படிக்கிறார்களாம். அன்று மாலை நடுக்கம் நின்றது.

அந்தச் சமயத்தில்தான் நான் ஒரு கேள்வி கேட்டேன். தையல்காரியின் கேள்வி. "கரண்ட் போச்சுன்னா இதைக் கையாலே திருப்ப முடியுமாடா?"

"முடியாதும்மா. வைப்பர் மோட்டாருக்குள்ளே வார்ம் கியர். ஸ்க்ரூ பல் சக்கரத்தைத் திருப்பும். பல் சக்கரம் ஸ்க்ரூவைத் திருப்பாது. காரைத் தூக்கற ஜாக்கி மாதிரி. எவ்வளவு பாரம் உட்கார்ந்தாலும் ஜாக்கி தானா இறங்காதில்லே? கையாலே எதுக்குத் திருப்பணும், அதுதான் தானே திரும்புதே!"

எனக்கு என்னமோ சரியாகப் படவில்லை. ஆனால் படிக்கிற பிள்ளை சொல்கிறான் என்று பேசாமல் உள்ளே போய்விட்டேன். இன்னொரு தடவை அழுத்திக் கேட்டிருக்க வேண்டும்.

2024 தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. அடுப்பில் எண்ணெய் காய, நான் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தேன். இவர் நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தார். வாசலில் பிள்ளைகள். திடீரென்று "அம்மா!" என்று ஒரு சத்தம். அது என் பிள்ளையின் குரல் மாதிரியே இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன்.

நடந்தது இதுதான். கோணம் சொல்கிற குமிழிலிருந்து ஒரு கம்பி பற்று விட்டிருக்கிறது. குமிழிடமிருந்து பதில் இல்லை. பதில் இல்லாததைக் கம்ப்யூட்டர் 'பூஜ்யம்' என்று எடுத்துக்கொண்டது. பூஜ்யம் என்றால் சக்கரம் இடது கோடியில் இருக்கிறது என்று அர்த்தம். உடனே முழு வலுவோடு வலது பக்கம் சுற்றியது. எவ்வளவு சுற்றினாலும் பதில் பூஜ்யம்தானே? நிறுத்தாமல் சுற்றியது. ஸ்டியரிங் ஆரத்துக்குள் விரலை விட்டுப் பிடித்திருந்த என் பிள்ளையின் வலது கட்டைவிரல், ஆரத்துக்கும் மோட்டார் தாங்கும் இரும்புப் பட்டைக்கும் நடுவே மாட்டிக்கொண்டது.

கூட இருந்த பெண் சமயோசிதமாகப் பாட்டரி இணைப்பைப் பிடுங்கிவிட்டாள். மோட்டார் நின்றுவிட்டது. ஆனால் விடவில்லை! மூன்று பையன்கள் சேர்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பப் பார்க்கிறார்கள், அசையவில்லை. ஜாக்கி என்று சொன்னானே, அந்த ஜாக்கி இப்போது அவன் விரல்மேல் உட்கார்ந்திருந்தது.

சத்தம் கேட்டு எழுந்து வந்த இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே பார்வை. உள்ளே போய்ப் பதிமூணு நம்பர் ஸ்பானரை எடுத்து வந்தார். மோட்டாரின் நாலு போல்ட்டைத் தளர்த்தினார். செயின் தொய்ந்தது. ஸ்டியரிங் திரும்பி வந்தது. ஒரு நிமிஷமோ, இரண்டு நிமிஷமோ! எனக்கு ஒரு யுகம்.

என் மாமியார் விளக்கெண்ணெயைக் காய்ச்சி எடுத்து வந்து, "நீவிவிட்டா சரியாப் போகும்" என்றார். நல்லவேளை, இவர் தடுத்துவிட்டார். ஐஸைத் துணியில் சுற்றி வைத்து, கையை உயர்த்திப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். எக்ஸ்ரேயில் கட்டைவிரல் அடி எலும்பில் மெல்லிய முறிவு தெரிந்தது. "அடிபட்ட விரலை நீவவே கூடாது. முறிவு இருந்தால் எலும்பு நகர்ந்துவிடும். ஐஸையும் நேராகத் தோலில் வைக்கக் கூடாது, நீங்கள் செய்தது சரி" என்று டாக்டர் சொன்னார். நாலு வாரம் கட்டு. அந்தத் தீபாவளிக்கு அவன் இடது கையால் முறுக்குத் தின்றான்.

அன்றிரவு சாப்பாடு ஆனதும், "அந்த வண்டியை எடைக்குப் போட்டுடு. என் வீட்டு வாசல்லே வேண்டாம்" என்றேன். அழுகையும் வந்துவிட்டது.

பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். இவர்தான் பேசினார். பேசும்போது தன் இடது கையைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார்.

அந்தக் கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிதான். 2005-ல், பெரியவன் கைக்குழந்தையாக இருந்தபோது, முன்பு வேலை பார்த்த ஒரு சின்னப் பட்டறையில் பவர் பிரஸ்ஸில் போனது. "மெஷின் ஸ்லிப் ஆயிடுச்சு" என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார். பத்தொன்பது வருஷமாக நானும் அதையே நம்பி, எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். சட்டைப் பொத்தான் போட்டுவிட்டு, தலை வாரிவிட்டு... அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு என்னவோ பண்ணும்.

"மெஷின் ஸ்லிப் ஆகலே" என்றார். "பிரஸ்ஸிலே இரண்டு பொத்தான் இருக்கும். இரண்டு கையாலும் ஒரே சமயத்திலே அழுத்தினாத்தான் மேல் பாகம் இறங்கும். ஏன் தெரியுமா? இரண்டு கையும் பொத்தான் மேலே இருந்தா, டைக்குள்ளே கை இருக்க முடியாதில்லே? அதுக்குத்தான். ஆனா ஒரு மணி நேரத்துக்கு இத்தனை பீஸ்னு கணக்கு. இரண்டு கையும் பொத்தான்லே வெச்சா கணக்கு வராது. அதனாலே எல்லாரும் இடது பொத்தானை மரச் சில்லு வெச்சு அமுக்கிடுவோம். இடது கையாலே தகட்டைத் தள்ளலாம், வேலை வேகமா ஓடும். சூப்பர்வைசருக்கும் தெரியும், பேச மாட்டார். அந்தச் சில்லை அன்னிக்கு வெச்சது நான்தான்."

வீட்டில் ஒருவரும் மூச்சு விடவில்லை. சின்னவள் கூடப் புஸ்தகத்தை மூடிவிட்டாள்.

"எனக்கு அவமானமா இருந்தது. அதனாலே சொல்லலே. இப்போ சொல்றேன், கேட்டுக்கோ. ஓடற மெஷினை யாரும் செய்வான். நிறுத்தற வழியை முதல்லே செய். நிறுத்தினா, விடறதுக்கு வழி செய். அதுக்கப்புறம் ஓட வை."

சுழலும் இயந்திரத்துக்குத் தடுப்பு வேலி போட வேண்டும் என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே 21-ஆம் பிரிவில் எழுதிவைத்தார்கள். சட்டம் புஸ்தகத்தில் இருந்தது. சில்லு பொத்தானில் இருந்தது. வேறென்ன சொல்ல?

வண்டியை எடைக்குப் போடவில்லை. மறுவாரமே அப்பாவும் பிள்ளையும் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். கை கட்டோடு பிள்ளை சொல்ல, விரல் குறைந்த கையால் அப்பா திருகினார்.

முதலில் வைப்பர் மோட்டார் பெட்டிக்குப் போயிற்று. கரண்ட் இல்லாதபோது கையால் திருப்பினால் கூடவே திரும்பிக் கொடுக்கிற வேறு கியர் மோட்டார் வேண்டும். விலை 7,000 ரூபாய். நான் ரவிக்கை தைத்துச் சேர்த்த சீட்டுப் பணத்தில் கொடுத்தேன். கொடுக்கும்போது அவனைத் தையல் மெஷினிடம் கூட்டிப்போய் ஒன்று காட்டினேன்.

"இந்தச் சக்கரத்துக்கு நடுவிலே ஒரு திருகு இருக்கு பாரு. பாபின்லே நூல் சுத்தும்போது இதைத் தளர்த்திடுவேன். சக்கரம் மட்டும் சுத்தும், ஊசி அசையாது. மோட்டார் ஓடினாலும் விரல்லே குத்தாது. உன் வண்டிக்கும் இப்படி ஒண்ணு பண்ண முடியாதா?"

கண் கொட்டாமல் பார்த்தான். "கிளட்ச்சும்மா இது!" என்றான். அப்புறம் சொன்னான்: நிசான் கம்பெனி 2013-ல் கொண்டுவந்த இன்ஃபினிட்டி க்யூ-50 என்ற காரில் ஸ்டியரிங்கும் சக்கரமும் சாதாரணமாக இரும்புத் தண்டால் சேர்ந்திருக்காது, மின்சாரக் கட்டளைதான். ஆனால் நடுவில் ஒரு கிளட்ச் வைத்திருக்கிறார்கள். கோளாறு வந்தால் கிளட்ச் சேர்ந்துகொண்டு, பழையபடி தண்டாலேயே திருப்பலாம். நம் ஊர்க் கார்களில் இப்போது வரும் எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங்கிலும், மோட்டார் செயலிழந்தால் ஸ்டியரிங் கனக்கும், ஆனால் திரும்பும். 1988-ல் ஜப்பானில் சுசுகி செர்வோ என்ற சின்னக் காரில் இது முதலில் வந்ததாம்.

செயினை எடுத்துவிட்டுப் பல் வைத்த பெல்ட் போட்டார்கள். பெல்ட்டை இறுக்க ஒரு சின்ன உருளை, அதற்கு ஒரு நெம்புகோல். நெம்பைத் தட்டினால் பெல்ட் தொய்ந்துவிடும். மோட்டார் எப்படிச் சுற்றினாலும் ஸ்டியரிங்குக்கு வராது. ஆரங்களுக்குள் விரல் போகாதபடி வட்டமாகப் பிளைவுட் வெட்டி மூடினார்கள். இரண்டு கோடியிலும் இரும்புத் தடை வைத்தார்கள்.

குமிழ் ஒன்றுக்கு இரண்டாயிற்று. இரண்டு சாட்சியும் ஒரே பதில் சொல்ல வேண்டும். மாறிச் சொன்னால் மோட்டார் நிற்கும். பூஜ்யம் என்பது இனிமேல் பதிலே இல்லை. குமிழின் நடுப்பகுதியை மட்டும் உபயோகித்து, கோடிக்குப் போனால் 'கம்பி அறுந்தது' என்று வைத்துவிட்டான். வகுப்பில் 'ஆஜர்' சொல்லாத பிள்ளையை வந்ததாக எழுதலாமா?

கூர்க்கா ராத்திரியில் விசில் அடிப்பது போல, கம்ப்யூட்டரும் நொடிக்குப் பல தடவை 'இருக்கிறேன், இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். விசில் நின்றால் ரிலே மோட்டாரை வெட்டிவிடும்.

கடைசியாக, சிவப்புக் காளான் மாதிரி ஒரு பொத்தான். இதை இவர்தான் பிடிவாதமாகச் செய்யச் சொன்னார். சாதாரண ஸ்விட்சை அழுத்தினால் கரண்ட் போகும். இது நேர் எதிர். கரண்ட் எப்போதும் போய்க்கொண்டே இருக்கும்; பொத்தானை அழுத்தினாலும் நிற்கும், கம்பி அறுந்தாலும் நிற்கும். நின்றால் மோட்டார் செத்தது. பிரேக்குக்கும் அப்படியே. கரண்ட் இருக்கிறவரைதான் பிரேக் ஸ்பிரிங்கை இழுத்து வைத்திருக்கும். போனால் ஸ்பிரிங் தானே பிரேக்கைப் பிடித்துவிடும். லாரிகளில் காற்று இறங்கிவிட்டால் ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்கிறதே, அந்த யோசனைதான்.

"இவ்வளவு வேணுமாங்க? நடக்கற வேகத்திலே போற வண்டிதானே?" என்றேன்.

பிள்ளை பதில் சொன்னான். 2004-ல் அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சி அமைப்பான டார்பா, பாலைவனத்தில் ஆளில்லாக் கார்ப் பந்தயம் வைத்தது. ஒரு வண்டி கூட எல்லையைத் தொடவில்லை. அடுத்த வருஷம், 2005-ல் ஐந்து வண்டிகள் தொட்டன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் 'ஸ்டான்லி' ஏழு மணி நேரத்துக்குள் 212 கிலோமீட்டர் ஓடி முதல் பரிசு வாங்கியது. உலகமே கை தட்டியது. ஆனால் 2018 மார்ச்சில் அரிசோனா மாநிலம் டெம்பி நகரில், சோதனை ஓட்டத்தில் இருந்த தானியங்கிக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைத் தாண்டின ஒரு பெண்மணிமேல் மோதி, அவர் இறந்துபோனார். டிரைவர் சீட்டில் ஒருவர் உட்கார்ந்துதான் இருந்தார். "ஓடக் கத்துக்கிட்டது சீக்கிரம்மா. நிறுத்தறதுதான் இன்னும் படிக்க வேண்டியிருக்கு" என்றான். அப்பாவின் பேச்சு பிள்ளை வாயில் வந்தது.

2025 மார்ச்சில் காலேஜ் மைதானத்தில் பரீட்சை. பெற்றோரும் வரலாம் என்றார்கள். நானும் இவரும் போனோம். சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். வண்டியில் ஆள் இல்லை. ஸ்டியரிங் தானே இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம் திரும்பி, கோட்டின்மேலே நிதானமாகப் போயிற்று. என் உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்வானேன்!

பரீட்சை செய்ய வந்தவர்கள் தலையாட்டினார்கள். அப்போது என் பிள்ளை, "சார், ஓடும்போதே கோணக் குமிழ்க் கம்பியைப் பிடுங்கிக் காட்டட்டுமா?" என்று கேட்டான். ஸ்டியரிங்கிலிருந்து எட்டி நின்று, நீளமான நூலைக் கட்டித் தயாராக வைத்திருந்தான். நூலைச் சுண்டினான். கம்பி கழன்றது. வண்டி அங்கேயே பிரேக் பிடித்து நின்றது. ஸ்டியரிங் ஒரு இழை கூட அப்புறம் சுற்றவில்லை. பரீட்சகர் குனிந்து, ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்துத் திருப்பினார். அது திரும்பியது!

"இதை முதலிலேயே யோசித்தீர்களா?" என்று கேட்டார்.

"இல்லே சார். விரல் உடைஞ்சப்புறம்தான்" என்று உண்மையைச் சொன்னான். "சிவப்புப் பொத்தானை எங்கப்பா அமுக்கிக் காட்டுவார் சார்."

வண்டியை மறுபடி ஓடவிட்டார்கள். இவர் தயங்கித் தயங்கிப் போனார். கூட்டத்தில் அந்தக் கையை எப்போதும் பாக்கெட்டில் வைத்துக்கொள்கிறவர், அன்று அந்தக் கையாலேயே பொத்தானை அழுத்தினார். வண்டி நின்றது. நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வெயில் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னேன்.

ஒரகடத்தில் மத்திய அரசின் குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் என்று ஒரு பெரிய இடம் இருக்கிறது. வண்டிகளை ரோட்டுக்கு விடுவதற்கு முன் பல விதமாகச் சோதிக்கிறார்கள். பஸ்ஸில் அதைத் தாண்டும்போதெல்லாம் முன்பு வெறும் காம்பவுண்டுச் சுவராகத்தான் தெரியும். இப்போது பார்த்தால், எத்தனை பேர் வீட்டு விரல்களுக்காக அங்கே சோதிக்கிறார்களோ என்று தோன்றுகிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி மோட்டாரும் பாட்டரியுமாக விளையாடும் பிள்ளைகள் இருக்கலாம். பட்டுத் தெரிந்துகொண்டதில் சிலவற்றைச் சொல்கிறேன்.

பாட்டரியைத் தொடுமுன் வளையல், மோதிரம், செயினைக் கழற்றிவிடுங்கள். தங்க வளையல் இரண்டு முனையிலும் பட்டால் நொடியில் பழுத்துக் கையைச் சுட்டுவிடும்.

ஆசிட் பாட்டரி சார்ஜ் ஆகும்போது தீப்பற்றும் வாயு வரும். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பூஜை விளக்கு, ஊதுவத்தி பக்கத்தில் வேண்டாம். ஸ்கூட்டர் பாட்டரியானாலும் சரி, படுக்கையறையில் ராத்திரி முழுவதும் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள்.

பெல்ட், செயின், சக்கரம் சுழலும் இடத்தில் முந்தானை, துப்பட்டா, தொங்கும் பின்னல் கூடாது. வீட்டுக் கிரைண்டருக்கும் இதே விதிதான்.

புது மெஷின் எது வாங்கினாலும், ஓட வைப்பதற்கு முன் நிறுத்தும் ஸ்விட்ச் எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும், குழந்தைகளுக்கும் கூட, காட்டிவையுங்கள்.

கடைசியாக ஒன்று. படிக்கிற பிள்ளைக்கு நமக்கு மேல் தெரியும் என்று, மனசில் தோன்றின கேள்வியை விழுங்கிவிடாதீர்கள். இரண்டாம் தடவையும் கேளுங்கள். அது பைத்தியக்காரக் கேள்வியாகவே இருக்கட்டுமே, என்ன குறைந்துவிடப் போகிறது?

வண்டி இப்போது காலேஜில் இருக்கிறது. வாசல் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. சிமென்ட் தரையில் ஒரு எண்ணெய்க் கறை மட்டும் என்ன தேய்த்தும் போகவில்லை. அதைச் சுற்றித்தான் புள்ளி வைத்துக் கோலம் போடுகிறேன்.